பரணில் கிடக்கும் கெரிஸ்

வாசகர் கேள்வி – பதில்

மலாயா, சிங்கப்பூர், பினாங்கு என்று பிழைக்கப் போய்வந்தவர்கள் நெல்லைச் சீமையில் ஊருக்கு நாலு பேராவது உண்டு. கடையநல்லூர், தென்காசிப் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. கைலி, தைலம், பிஸ்கட் டின்னோடு சில வீடுகளுக்குக் கத்தியும் வந்து சேர்ந்தது. அந்தக் கத்திகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

மாமனார் காலத்து டிரங்குப் பெட்டியில் பாம்பு போல நெளிந்த கத்தி ஒன்று மர உறையோடு இருக்கிறது. பிடியோடு சேர்த்து ஒன்றரை அடி. இது பழைய சாமானா, கடைத்தெருவில் வாங்கிய அலங்காரப் பொருளா, எப்படித் தெரிந்துகொள்வது?
– கடையநல்லூர் வாசகி

இதன் பெயர் கெரிஸ், ஜாவா, மலாய் நாட்டுக் குத்துக்கத்தி. நெளிவை வைத்து முடிவுக்கு வராதீர்கள். தகட்டை நெளிவாக அறுத்துச் சாணை பிடித்தால் யார் வேண்டுமானாலும் நெளிந்த கத்தி செய்துவிடலாம். சொல்லப்போனால் ஜாவாவின் பழைய கெரிஸ்களில் நேரான அலகு உடையவையே ஏராளம். அசலா போலியா என்பது அலகு கைப்பிடியோடு சேரும் அடியில்தான் தெரியும்.

உறையிலிருந்து எடுக்கும்போதே கவனம் வேண்டும். பழைய உறை மரம் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தால் கூர் அதன் வழியே வந்து விரலை அறுத்துவிடும். உறையை முழுக் கையால் சுற்றிப் பிடிக்காதீர்கள். தட்டையான இரண்டு பக்கங்களிலும் விரல் வைத்துப் பிடித்து, மேலே படகு போல இருக்கும் கட்டையைக் கட்டைவிரலால் தள்ளியபடி மெதுவாக இழுங்கள்.

இப்போது அடியைப் பாருங்கள். ஒரு பக்கம் அகன்று நீண்டு, மறுபக்கம் குட்டையாக, ஒருச்சாய்ந்து இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் சந்தேகப்படலாம். அந்த அகன்ற அடிக்குக் கீழே குறுக்காக ஒரு தனி இரும்புத் துண்டு இருக்கும். அதற்குக் கஞ்ஜா என்று பெயர்; நம் ஊர் போலீஸ் தேடும் சரக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அலகு அடித்த அதே இரும்பில் ஒரு துண்டை வெட்டி, நடுவில் துளையிட்டு, பிடிக்குள் போகும் அலகின் வாலில் கோத்து இறுக்கியிருப்பார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அலகுக்கும் அதற்கும் நடுவே மயிரிழை போல ஒரு கோடு ஓடும். அலகோடு ஒன்றாகவே அடித்த வகையும் உண்டு. ஆகவே கோடு இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று தள்ள வேண்டாம். அந்த இடத்தில் வெல்டிங் வைத்த மொட்டு தெரிந்தால் தயங்காமல் தள்ளலாம்.

அடுத்தது பாமோர். அதாவது அலகில் ஓடும் வெள்ளிநிறக் கோலம். இரும்புக்கு நடுவே நிக்கல் கலந்த உலோகத்தை வைத்துக் காய்ச்சி அடித்து, மடித்து, மறுபடி அடித்து வருவது அது. மேற்பூச்சு அல்ல, உள்ளே வரைக்கும் ஓடுவது. ஜன்னல் வெளிச்சத்தில் அலகைச் சாய்த்துப் பிடித்து, விரல் நகத்தை மெல்லக் குறுக்கே ஓட்டினால் மேடு பள்ளம் தட்டுப்படும். ஓரம் மெலிந்து வரும் இடங்களில் கோலத்தின் வரிகள் நெருங்கியும் விலகியும் போகும். அமிலத்தால் பொறித்த போலிக் கோலமோ இரண்டு பக்கமும் அச்சடித்தாற்போல ஒரே மாதிரி இருக்கும். ஓரத்துக்கு வந்ததும் சட்டென்று நின்றுவிடும். ஆனால் ஒன்று: மலாய்க் கெரிஸ்களில் பாமோர் மங்கலாகவோ, இல்லாமலோ இருப்பது சகஜம். ஜாவாவிலும் பாமோர் இல்லாத கறுப்பு அலகு உண்டு.

நெளிவுக்கு லுக் என்று பெயர். அடியில் தொடங்கி இடம், வலம் என்று மாறி மாறி நுனிவரை எண்ணுங்கள். 3, 5, 7, 9, 11, 13 என்று ஒற்றைப்படையில்தான் முடியும். இரட்டைப்படை வந்தால், பெரும்பாலும் அடியிலோ நுனியிலோ உள்ள சின்ன வளைவை நீங்கள் விட்டிருப்பீர்கள். மறுபடி எண்ணியும் இரட்டைதான் என்றால் கத்தியைச் சந்தேகப்படுங்கள்.

பிடியை வைத்து ஊரைச் சொல்லிவிடலாம். கையைக் கட்டிக்கொண்டு குளிரில் கூனிக் குறுகி நிற்கும் ஆள் மாதிரி இருந்தால் அது மலாய் நாட்டுப் பக்கம். அந்தப் பிடிக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயரே ‘ஜாவா டெமாம்’, காய்ச்சல் கண்ட ஜாவாக்காரன். நீண்ட மூக்குடைய மீன்கொத்தி போல இருந்தால் தென் தாய்லாந்தின் பட்டாணிப் பகுதி. மெலிந்து, ஒருபக்கம் சாய்ந்து, அடியில் சின்ன உலோக வளையம் இருந்தால் நடு ஜாவா.

மேற்படிக் கத்தி போன்ற ஒன்று எங்களிடமும் உண்டு. துருப்பிடித்துவிட்டது. குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்தால் போதும் என்கிறார் அம்மா. செய்யலாமா?
– மேலப்பாளையம் வாசகர்

புளியை விளக்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். புளியின் அமிலம் துருவோடு நிற்காது, மடிப்புகளுக்கு இடையே போய் இரும்பை அரிக்கும். உப்புத்தாளும் வேண்டாம், சாணைச் சக்கரம் வேண்டவே வேண்டாம். பாமோரின் மேல் அடுக்கு மிக மெல்லியது. பளபளப்பு வரும்வரை தேய்த்தால் கோலமும் கூடவே போய்விடும், திரும்ப வராது.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். தையல் மெஷின் எண்ணெயை அலகு முழுக்கத் தாராளமாகப் பூசி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி 3 நாள் விடுங்கள். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். செதிலாக எழும்பி நிற்கும் துருவை மூங்கில் சிம்பின் முனையால் நெம்பி எடுங்கள். ஊசியோ ஆணியோ கூடாது, கீறல் விழும். துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப எண்ணெய் பூசுங்கள். துடைக்கும் துணியில் செம்மை வராத வரைக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நாலைந்து முறை ஆகலாம். கறுப்பாக, அசையாமல் இருக்கும் பகுதி துரு அல்ல, அலகின் நிறம். அதில் கை வைக்காதீர்கள்.

ஜாவாவில் முறையே வேறு. இளநீரில் ஊறவைத்துத் துருவை இளக்குவார்கள். எலுமிச்சைச் சாறும், நம் பூந்திக்கொட்டையின் அண்ணன் தம்பியான லெராக் என்ற காயின் நுரையும் போட்டுத் தேய்த்து அலகை வெள்ளையாக்குவார்கள். வெள்ளையான அலகில் கோலம் தெரியாது. ஆகவே வாரங்கான் என்ற பாஷாணக் கல்லை எலுமிச்சைச் சாற்றில் கரைத்துப் பூசுவார்கள். இரும்பு கறுக்கும், நிக்கல் கறுக்காது, கோலம் எழும்பிவரும். பிறகு கழுவி, ஈரம் ஒட்டாமல் உலர்த்தி, சந்தன எண்ணெய் கலந்த எண்ணெய் பூசுவது வழக்கம். ஜாவாக் கணக்கில் சூரோ மாதம், அதாவது முஹர்ரம், இதற்கான காலம்.

இதை முழுக்கச் சொல்வதற்குக் காரணம், பாதியைக் கேட்டுவிட்டு இளநீர்ப் பாதியை மட்டும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பழைய கறுப்பும் போய், அலகு வெளிறிப்போன தகடாக நிற்கும். மறுபாதியை வீட்டில் செய்யவும் கூடாது. வாரங்கான் என்பது மனோசிலை, அரிதாரம் வகையறா, ஆர்சனிக். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். பழைய கெரிஸில் அதன் எச்சம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்: கையுறை போடுங்கள், சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், துடைத்த துணியை எறிந்துவிடுங்கள். ஆப்பிள் வெட்டிப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் நாளடைவில் காறிப்போகும். அதன் அமிலமே இரும்பைப் பிடிக்கும். நல்லெண்ணெய் பிசுபிசுத்துத் தூசியை ஒட்டிக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெயே மேல். வாசனை வேண்டுமானால் 2 சொட்டு சந்தன எண்ணெய் சேர்த்துக்கொள்ளுங்கள். பூசியபின் துடைத்தது போலத்தான் இருக்க வேண்டும். வழிந்தால் உறை மரம் குடித்து ஊறிப்போகும். தென்காசி, குற்றாலம் பக்கத்தவர்கள் சாரல் காலத்திலும், மற்றவர்கள் ஐப்பசி, கார்த்திகையிலும் மாதம் ஒருமுறை உருவிப் பார்ப்பது நல்லது. மரம் ஈரத்தை வைத்துக்கொண்டு அலகுக்குக் கொடுக்கும்.

பிடி ஆடுகிறது. ஃபெவிகால் போட்டு ஒட்டலாமா?
– காயல்பட்டினம் வாசகர்

வேண்டாம். ஜாவாக் கெரிஸின் பிடி ஒட்டப்பட்டதே அல்ல. வாலில் துணியோ தலைமுடியோ சுற்றி, பிடிக்குள் திருகி இறுக்கியிருப்பார்கள். வேண்டும்போது கழற்றிச் சுத்தம் செய்வதற்கே இந்த ஏற்பாடு. பிடியைத் திருகிக் கழற்றி, பழைய துணியை எடுத்துவிட்டு, மெல்லிய பருத்தித் துணி நாடாவை வாலில் ஒரே திசையில் சுற்றி, திருகிச் செருகுங்கள். உள்ளே போகும்போது விரலுக்குச் சற்று எதிர்ப்பு தெரிய வேண்டும். அடம்பிடித்தால் ஒரு சுற்றைக் குறையுங்கள். சுத்தியல் கிட்டே வரக்கூடாது, வாலை முறிப்பது அதுதான்.

மலாய்ப் பிடிகள் பெரும்பாலும் குங்கிலியம் போன்ற பிசினில் நிற்பவை. பிடி வர மறுத்தால் அலகின் அடியை வெந்நீர்த் துணியால் சுற்றிச் சூடேற்றுங்கள், பிசின் இளகும். தீயில் காட்டாதீர்கள், பிடி தந்தமோ கொம்போ ஆனால் வெடித்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். இந்த வால் சுண்டுவிரல் அளவுகூட இராது. அலகோ ஓர் அடிக்கு மேல். இதை வைத்துக் கிளை வெட்டிப் பார்த்தால் வால் வளையும் அல்லது முறியும். பரணில் கிடக்கும் கெரிஸ்களில் வால் முறிந்தவை பலவும் இப்படி ‘சோதனை’ பார்க்கப்பட்டவைதான். கெரிஸ் குத்துவதற்கான ஆயுதம். பிடியைக் கைத்துப்பாக்கி போலப் பிடித்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அலகின் அடியைக் கவ்வி நேராக நீட்டுவது. வெட்டுவதற்கு அந்த நாட்டில் வேறு கருவி இருக்கிறது.

அந்த வேறு கருவியைத்தான் கேட்கிறேன். மலேசியாவில் தோட்ட வேலை பார்த்த என் சித்தப்பா ‘பாராங்’ கத்தியைப் புகழ்வார். நம் ஊர்ப் பட்டறையில் ஒன்று அடிக்கச் சொல்ல நினைக்கிறேன். என்ன அளவு சொல்ல வேண்டும்?
– கல்லிடைக்குறிச்சி விவசாயி

முதலில், எதற்கு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். நம் வெட்டரிவாளுக்கு உள்வளைவில் வாய், அதாவது வெட்டும் ஓரம். கிளையைக் கொக்கிபோட்டு இழுத்து வெட்டும். பாராங்குக்கு வெளிவயிற்றில் வாய், நுனிப்பக்கம் கனம். பச்சைக் கொடி, புல், மூங்கில், வாழை, ஈரமான காட்டுச் செடி ஆகியவற்றை வீசி வெட்டிப் பாதை போடப் பிறந்தது. காய்ந்த சீமைக்கருவேலத்தில் இதைப் போட்டால் வாய் பல்விடும். அந்த வேலைக்கு அரிவாளோ கோடாலியோ போதும். வாழைத் தோட்டத்துக்கும், ஆற்றோரப் புதருக்கும் என்றால் தாராளமாக அடிக்கலாம்.

அளவு: அலகு 12 அங்குலம். முதுகுக் கனம் பிடிப்பக்கம் 6 மில்லிமீட்டர், நுனிக்குப் போகப்போக 3 மில்லிமீட்டர். அகலம் பிடிப்பக்கம் 35 மில்லிமீட்டர், நுனிக்குச் சற்று முன்னால் 50 மில்லிமீட்டர். பிடி இல்லாமல் எடை 500 கிராம் சுமார். முக்கால் கிலோவைத் தாண்டினால் முற்பகல் வேலைக்குள் மணிக்கட்டு பேசும். அலகின் பக்கங்கள் தட்டையாக இருக்கக்கூடாது; புளியங்கொட்டையின் ஓரம்போல மெல்லிய புடைப்போடு வாய்க்கு இறங்க வேண்டும். தட்டையாகத் தேய்த்தால் ஈரமரத்தில் கவ்விக்கொண்டு வெளியே வராது.

இரும்பு லாரி வில்பட்டைதான், கொல்லருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பட்டையின் நடு போல்ட் துளைக்கு அருகிலும், சுருட்டிய கண்ணுக்கு அருகிலும் உள்ள பகுதியை ஒதுக்கச் சொல்லுங்கள். ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அங்கேதான் தொடங்கும். அடித்து முடித்துத் துவைச்சல் போடும்போது, அதாவது பழுக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்கும்போது, அது வாயைத் திறக்கும்.

துவைச்சலில்தான் பாதிக் கத்திகள் கெடுகின்றன. நம் பட்டறைகளில் தண்ணீர்த் தொட்டியில் முக்குவது பழக்கம். வில்பட்டை எஃகுக்குத் தண்ணீர் கடுமை. குளிர்ச்சி சட்டென்று ஏறி அலகு நெடுக வெடிக்கலாம். எண்ணெயில் முக்கச் சொல்லுங்கள். கடலை எண்ணெய் அல்லது பாமாயில், 5 லிட்டருக்குக் குறையாமல், கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே காய்ந்திருக்க வேண்டும். பச்சை எண்ணெயைவிட இளஞ்சூடான எண்ணெய் நன்றாக இளகிச் சூட்டைச் சீராக வாங்கும். தீப்பிடித்தால் மூட ஒரு தகடு பக்கத்தில் இருக்கட்டும். பழைய எஞ்சின் ஆயில் புகையைக் கொல்லர் சுவாசிக்க வேண்டியிருக்கும், அது வேண்டாம்.

எவ்வளவு காய வேண்டும் என்பதற்குக் காந்தம் ஒன்று போதும். சிவந்த அலகில் காந்தம் ஒட்டாமல் போகும் பதம் சுமார் 770 டிகிரி. அதற்குமேல் கொஞ்சம் ஏற்றி, நிறம் ஒரே சீராக இருக்கும்போது வாய்ப்பக்கத்தை மட்டும் எண்ணெயில் இறக்க வேண்டும். முதுகு காற்றில் ஆறட்டும். வெயிலில் நின்று நிறம் பார்த்தால் கண் ஏமாற்றும், அதிகம் காய்ச்சிவிடுவார்கள். ஆகவே நிழலில் செய்ய வேண்டும்.

முக்கி எடுத்த அலகு கண்ணாடி மாதிரி. அப்படியே மரத்தில் போட்டால் வாய் சில்லுசில்லாகப் போகும். உடனே பதம் இளக்க வேண்டும். கரி நீங்கத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, முதுகுப்பக்கமாக மெல்லச் சூடேற்றினால் நிறங்கள் வாயை நோக்கி நகரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு தவிட்டு நிறம், பிறகு ஊதா, கடைசியில் நீலம். வாயில் தவிட்டு நிறம் வந்ததும் நிறுத்துங்கள். நீலம் வாய்க்கு வந்துவிட்டால் கத்தி மிருதுவாகிவிடும், நாளுக்கு மூன்று முறை தீட்ட வேண்டிவரும். வீட்டில் கேக் அடுப்பு இருந்தால் 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைப்பது இன்னும் நிச்சயமான வழி.

பிடிக்குள் போகும் வாலுக்கு மலாயில் புத்திங் என்று பெயர். அலகிலிருந்து வால் பிரியும் மூலை சதுரமாக இருக்கக்கூடாது, உருண்டு இறங்க வேண்டும். சதுர மூலையில்தான் கத்தி முறியும். வால் 5 அங்குலம் இருக்கட்டும். தனித்துண்டை வெல்டிங் வைத்து வால் ஆக்கினால் வாங்காதீர்கள். பிடிக் கட்டையில் மெல்லிய துளை போட்டு, அலகை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வாலை மட்டும் பழுக்கக் காய்ச்சி, மரத்தைச் சுட்டுக்கொண்டு இறக்குவது முறை. ஈரச்சாக்கு இல்லாவிட்டால் சூடு ஏறி அடிவாயின் பதம் போய்விடும். சுட்ட துளையில் குங்கிலியப் பொடியும் செங்கல் பொடியும் போட்டு, வாலைத் திரும்பச் சூடாக்கிச் செருகினால் இறுகிவிடும். முகப்பில் ஓர் அங்குலப் பூண் கட்டாயம்.

பிடியின் முடிவு கீழ்நோக்கி வளைந்து பருத்திருக்க வேண்டும். வியர்த்த கையிலிருந்து வீச்சில் கத்தி பறக்காமல் நிறுத்துவது அந்த வளைவுதான். அழகுக்கென்று நினைத்து நேர்ப்பிடி போட்டுவிடாதீர்கள்.

தீட்டும்போது வாய் முழுவதையும் ஒரே கூராக ஆக்க வேண்டாம். பிடிக்கு அருகே 3 அங்குலம் சீவுவதற்கு மெல்லிசாக, நடுவில் வெட்டுவதற்குச் சற்று மொத்தமாக, நுனியில் மறுபடி மெல்லிசாக. மலாய் மொழியில் சாணை பிடிப்பதற்கு ‘சானாய்’ என்று சொல். கேட்டமாத்திரத்தில் புரிந்திருக்கும், நம்மிடமிருந்து போனது.

கெரிஸ் அலகை விஷத்தில் தோய்த்து வைப்பார்களாமே? வானத்திலிருந்து விழுந்த இரும்பில் செய்ததாகவும் சொல்கிறார்களே?
– பாளையங்கோட்டை கல்லூரி மாணவர்

முதலாவது, மேலே சொன்ன பாஷாணப் பூச்சைப் பார்த்துக் கட்டிய கதை. கோலத்தை எழுப்பப் பூசியது அது.

இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. நடு ஜாவாவில் பிரம்பானான் கோயில் பக்கம் விழுந்த விண்கல் ஒன்றை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுரகார்த்தா அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். அதில் நிக்கல் உண்டு. அரண்மனைக் கொல்லர்கள் பாமோருக்கு அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அது ஒரு கல். ஜாவாவில் உள்ள கெரிஸ்கள் எத்தனை! அதற்கும் முந்தைய அலகுகளுக்கு சுலவேசித் தீவின் லூவு பகுதியிலிருந்து வந்த நிக்கல் கலந்த இரும்பு உதவியது. இன்று கடையில் வாங்கும் நிக்கல் தகடுதான். ‘விண்கல் கெரிஸ்’ என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

கொல்லரைப் பற்றி அறிய ஆசையிருந்தால் ஜாவாவில் லாவு மலைச்சரிவில் இருக்கும் சுக்கு கோயில் சிற்பத்தைப் பாருங்கள், 15ஆம் நூற்றாண்டு. இடப்பக்கம் பீமன் அலகு அடிக்கிறான். வலப்பக்கம் அர்ச்சுனன் துருத்தி ஊதுகிறான். நடுவில் பிள்ளையார் ஆடுகிறார். அந்தத் துருத்தி நம் தோல்துருத்தி அல்ல. நிமிர்ந்து நிற்கும் இரண்டு குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு தண்டு. ஒன்றை அமுக்கும்போது மற்றதை இழுப்பதால் காற்று விடாமல் போகும். இரும்பும் நிக்கலும் ஒட்ட வேண்டுமானால் சூடு இடையில் தளரக்கூடாது, அதற்கு இந்த ஏற்பாடு. தளர்ந்தால் அடுக்குகளுக்கு நடுவே கசடு தங்கி, பிறகு தீட்டும்போது அந்த இடம் தோலுரியும்.

கதிர் அறுக்க ஜாவாவில் அரிவாளே கிடையாது, விரலிடுக்குக் கத்திதான் என்று படித்தேன். ஒரு வயலை அப்படி அறுத்து முடியுமா?
– சேரன்மகாதேவி வாசகர்

முடிந்தது, ஏனென்றால் ஊரே வந்து அறுத்தது. அதற்கு ஜாவாவில் அனி-அனி, மலாயில் துவாய் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும் மரத்துண்டின் ஓரத்தில் சவரக் கத்தி அளவு சின்ன அலகு. குறுக்கே ஒரு மூங்கில் குச்சி. குச்சியை உள்ளங்கையில் வைத்து, அலகு விரல்களுக்கு நடுவே வெளியே நீட்டும்படி பிடிப்பார்கள். விரலால் தாளை வளைத்து அலகின்மேல் இழுத்தால் கதிர் மட்டும் கையோடு வரும். ஒவ்வொரு கதிராக. நெல் தெய்வமான தேவி ஸ்ரீ மிரண்டுவிடக் கூடாது, ஆகவே கத்தி கண்ணில் படாமல் கைக்குள் ஒளிந்திருக்க வேண்டும் என்பது நம்பிக்கை.

நம்பிக்கைக்கு அடியில் வேலைக்கணக்கும் உண்டு. அந்தக் காலத்து உயரமான நெல் ஒரே நாளில் முற்றாது. முற்றிய கதிரை மட்டும் எடுத்துவிட்டுப் பச்சையை விட்டுவைக்க இதைவிட நல்ல கருவி இல்லை. விதைக்கு நல்ல கதிர் பொறுக்குவதும் அப்போதே நடந்துவிடும். கதிரைக் கட்டாகக் கட்டிக் காயவைத்துக் களஞ்சியத்தில் அப்படியே அடுக்குவார்கள். அறுத்தவர்களுக்குக் கூலி நெல்லில் பங்கு, நம் பக்கத்துக் கொத்து மாதிரி. 1966இல் வந்த ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் முற்றின, மணியும் எளிதில் உதிர்ந்தது. நின்று கதிரைக் கிள்ளுவதற்குப் பதில் குனிந்து அடியோடு அறுப்பது லாபமாயிற்று. அனி-அனி போயிற்று, அதோடு அறுப்புக்கு வரும் ஊர்ப் பெண்களின் பங்கும் பெருமளவு போயிற்று. நம் கருக்கரிவாளைக் கதிரறுக்கும் இயந்திரம் ஒதுக்கிய கதையும் இதுவேதான்.

கெரிஸ் தவிர வேறு சின்னக் கத்திகள் என்னென்ன?
– சங்கரன்கோவில் ஆசிரியர்

நிறைய. தும்போக் லாடா என்பது குட்டைக் குத்துக்கத்தி. பெயருக்கு மிளகு இடிப்பது என்று பொருள். கெராம்பிட் புலிநகம் போல வளைந்தது, பிடிமுனையில் விரல் நுழைய வளையம். கோலோக் என்பது பாராங்கைவிடக் குட்டை, கனம் கூட; மேற்கு ஜாவாவில் சீவிடேய் ஊர்க் கொல்லர்கள் இதற்குப் பேர்போனவர்கள். பீசாவ் ராவுத் பிரம்பு சீவும் கத்தி: சின்ன அலகு, அதைவிட நீண்ட பிடி. பிடியை முன்கைக்குக் கீழே அமுக்கிக்கொண்டு, கத்தியை அசைக்காமல் பிரம்பை இழுப்பார்கள்.

எங்களுக்குப் பிடித்தது வெடுங். பார்த்தால் இறைச்சிக் கத்தி போல இருக்கும். ஜாவா அரண்மனையில் அதிகாரிகள் அரசர் முன்னிலையில் இடது இடுப்பில் இதைச் செருகியிருக்க வேண்டும். அரசருக்காகப் புல் வெட்டிப் பாதை போடவும் தயார் என்று அதற்கு அர்த்தம். கெரிஸை ஜாவாக்காரர் முதுகுப்பக்கம் செருகுவார், மலாய்க்காரர் முன்னால் இடப்பக்கம்.

வெளிநாட்டிலிருந்து கெரிஸ் கொண்டுவரலாமா? வீட்டில் வைத்திருக்க உரிமம் வேண்டுமா?
– களக்காடு வாசகர்

விமானத்தில் கைப்பையில் ஆகவே ஆகாது. சரக்குப் பெட்டியில், கூர் வெளியே வராதபடி அட்டை சுற்றி, கவுண்டரில் சொல்லிவிட்டுக் கொண்டுவர வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன கருவிகளை ஆயுதமாகக் கொள்வதில்லை. பாராங்கும் அரிவாளும் அந்தக் கணக்கில் தப்பலாம். கெரிஸ் விவசாயக் கருவி அல்ல. 9 அங்குலத்துக்கு நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு அகலமான அலகு சட்டத்தின் கண்ணில் தனி ரகம். கெரிஸ் அலகோ 13 முதல் 15 அங்குலம். உங்கள் பகுதிக்கு என்ன அறிவிப்பு இருக்கிறது என்று கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மலேசியாவில் தகுந்த காரணமில்லாமல் பாராங்கோடு தெருவில் போவதும் குற்றம். நம் சீமையில் துணி சுற்றாத அரிவாளோடு பஸ் ஏறினால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஆயுத பூஜையில் மற்றக் கருவிகளோடு கெரிஸையும் வைத்துச் சந்தனம், குங்குமம் இடலாமா?
– வள்ளியூர் வாசகி

வைக்கலாம். பொட்டை உறை மரத்தில் இடுங்கள், அலகில் வேண்டாம். அரைத்த சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. பாமோரின் பள்ளங்களிலும், அடியில் உள்ள சின்னச் சின்ன வெட்டுகளிலும் அது இறங்கிக் காய்ந்தால் துடைத்தாலும் வராது. விஜயதசமி முடிந்து ஒரு வாரத்தில் பொட்டு இட்ட வட்டத்திலேயே துரு தெரியும். பூவையும் அலகின்மேல் வைக்காதீர்கள். அலகில் பொட்டு இட்டே ஆக வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், சந்தனத்தைத் தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் குழைத்து இட்டு, அன்று இரவே மூங்கில் சிம்பில் துணி சுற்றித் துடைத்துவிடுங்கள்.